அங்கண நீரும் தீர்த்தமும்: ஓர் உவமையின் அடிப்படை

1

தமிழ்ப் புலவர் ஆற்றைப் பாடிய இடங்கள் மிகப் பல. மலையிற் பிறந்து, காட்டில் நடந்து, வயலிற் புகுந்து, கடலில் முடியும் அதன் போக்கு முழுவதும் பாட்டில் இடம் பெற்றுள்ளது. ஆறு ஊருக்குள் புகும் வாயிலைப் பாடியவர் பலர். ஊர் தான் பயன்கொண்டு கழித்த நீரை வெளியே விடும் வாயிலைப் பாடியவர் சிலரே. அச் சிலர் பாடிய இடங்களும் நம் இலக்கிய ஆராய்ச்சியில் ஒருங்கு வைத்து நோக்கப்பெற்றனவாகத் தோன்றவில்லை. அவற்றுள் மூன்றினை எடுத்து, அவை கழிவு நீரைப் பற்றிக் கொண்ட கருத்து யாது, அக் கருத்துக்கு அடியாக நின்ற உலகியல் உண்மை யாது, அவ் வுண்மை இன்று எவ்வாறு உள்ளது என்று ஆராய்வதே இக் கட்டுரையின் நோக்கம்.

இவ் வாராய்ச்சிக்கு நிலைக்களமாகச் சேலம், நாமக்கல் சமவெளியைக் கொள்வாம். மரச் சிற்பத்திற்குப் பெயர் பெற்ற தம்மம்பட்டி இச் சமவெளியின் கீழைப் பகுதியில், கொல்லிமலையிற் பிறந்து வரும் சுவேத நதியின் கரையில் உள்ளது. அதற்கு வடக்கே ஆத்தூரை ஒட்டி வசிட்ட நதி செல்கிறது. இவ் விரண்டும் கூடி வெள்ளாறு என்னும் பெயரொடு கிழக்கே சென்று பரங்கிப்பேட்டையருகே கடலிற் கலக்கின்றன. மேற்கே, சேர்வராயன் மலைப் பகுதியில் தோன்றும் திருமணிமுத்தாறு சேலம் நகரின் நடுவே புகுந்து, நாமக்கல் மாவட்டத்தைக் கடந்து, காவிரியை அடைகிறது. சுவேதம் என்பதற்கும் வெள்ளாறு என்பதன் முதற்சொல்லுக்கும் பொருள் வெண்மையே. திருமணிமுத்தாறு என்பதோ மணியையும் முத்தையும் தன்னுள் வைத்த பெயர். பெயர் வைத்தோர் கண்ட நீர் எத்தகையது என்பதற்கு இப் பெயர்களே சான்றாம்.

2

முதற்கண் சொற்களை நோக்குவாம். நகர்க் கழிவு நீரைச் சுட்டப் பழந்தமிழில் தனித்த ஒரு சொல் இல்லை. அது செல்லும் வழியைச் சுட்டும் சொற்களே உள்ளன. தூம்பு என்பது நீர் செல்லும் குழாய் அல்லது மதகு. சுருங்கை என்பது கரந்து செல்லும் நீர்வழி. பரிபாடலின் இருபதாம் பாடல், மதுரை மதிலின் நெடிய சுருங்கை வழியாகப் பாயும் வெள்ளத்தை, யானை துதிக்கையை உயர்த்திச் சொரியும் நீரோடு ஒப்பிடுகிறது. அங்கணம் என்பது முற்றம் என்னும் பொருளுடைய வடசொல்லாயினும், தமிழில் அழுக்கு நீர் கொட்டப்பெறும் இடத்தையே பெரிதும் குறித்தது. திருக்குறளின் அவையறிதல் அதிகாரம், தகுதியில்லார் அவையிற் பேசுதலை அங்கணத்தில் அமிழ்தம் சிந்தியதோடு ஒப்பிடும் இடத்தும் இப் பொருளே பொருந்தும். தென் மாவட்டங்களில் வீட்டினுள் பாத்திரம் துலக்கும் இடத்தை அங்கணக்குழி என்பது இன்றும் வழக்கு. கொங்கு நாட்டில் சலதாரை என்பர், பொதுவழக்கு சாக்கடை.

கழுநீர் என்னும் சொல் தனியே நோக்கத்தக்கது. அரிசி கழுவிய நீருக்கும், குவளையினத்துச் செம்மலர் ஒன்றற்கும் அது பெயர். அரிசி கழுவிய நீரை மாட்டுக்கு ஊற்றுவது நம் வீடுகளின் பழக்கம். கழுவிய நீரைக் கழிக்கத்தக்க பொருளாகக் கருதாமல் மற்றோர் உயிருக்கு உணவாகக் கருதிய வாழ்க்கையை இச் சொல் காட்டும். வீட்டளவில் இருந்த இவ் வொழுங்கு நகரளவில் இருந்ததா என்பதே மேல்வரும் வினா.

3

மணிமேகலையின் இருபத்தெட்டாம் காதையாகிய கச்சிமாநகர் புக்க காதை, வஞ்சி நகரின் அகழியை வருணிக்கும் இடத்தில் நகர்க் கழிவு நீரின் பட்டியல் ஒன்றைத் தருகிறது. மகளிர் கூந்தல் கழுவிய கலவை நீர், எந்திர வாவியில் இளைஞரும் மகளிரும் ஆடியதனால் சாந்து கலந்த நீர், அரசனது நன்னாளில் சிவிறியாலும் கொம்பாலும் வீசிய மண நீர், உபாசகர் தவத்தோர் அடி விளக்கிய நீர், அறஞ்செய்வோர் தண்ணீர்ப் பந்தலில் அகிற்புகை ஊட்டி வைத்த நீர், நறுமணப் பொருள்களை அரைப்போர் மனையிலிருந்து வரும் நீர் என அவை ஆறாகும். இவை சுருங்கைத் தூம்பின் வழியாக அகழியிற் பாய்கின்றன. அதனால் அங்கு வாழும் முதலைகளும் மீன்களும் தம் புலால் நாற்றம் நீங்கப்பெற்றன என்பது புலவர் கூற்று.

இப் பகுதியை நம் ஆசிரியர்கள் உயர்வு நவிற்சி என்று ஒரு சொல்லிற் கூறி அப்பாற் செல்வது வழக்கம். அஃது உயர்வு நவிற்சியே என்பதில் ஐயமில்லை. ஆயினும் இரண்டு செய்திகள் அதனுள் மறைந்து கிடக்கின்றன. ஒன்று, புலவர் தேர்ந்தெடுத்த வீடுகள். பட்டியலில் அடுக்களை நீர் இல்லை. வண்ணார் துறை நீர் இல்லை. சாயம் தோய்ப்போர், தோல் பதனிடுவோர், மீன் விற்போர் மனைகளின் நீர் இல்லை. மக்கள் உடலின் கழிவு பற்றிய பேச்சே இல்லை. ஒரு நகரத்தில் இவை இல்லாதிருத்தல் இயலாது. எனவே இப் பட்டியல் நகரின் கழிவு நீரைக் கூறவில்லை. நகரின் செல்வமும் அறமும் கழித்த நீரை மட்டும் கூறுகிறது. காப்பியத்திற்கு நகரின் சிறப்பே வேண்டியிருந்தமையின் இத் தேர்வு நிகழ்ந்தது. புலவரைக் குறை கூறுதற்கு இதில் ஒன்றுமில்லை. ஆனால் இப் பகுதியைக் கொண்டு பழந்தமிழ் நகரங்களின் வடிகால் தூய்மையாக இருந்தது என்று வரலாறு எழுதுவது பிழையாகும்.

மற்றொன்று, உயர்வு நவிற்சிக்கு அடியாக நிற்கும் உண்மை. நகரம் எதைக் கழிக்கிறதோ அதுவே மீனின் உடலிற் சென்று சேரும் என்பதைப் புலவர் அறிந்திருக்கிறார். அவர் மணம் சேர்ந்தது என்றார். இன்று நீரியல் ஆராய்வோர் ஆற்று மீனின் உடலில் ஈயம், காட்மியம் போன்ற உலோகங்கள் சேர்வதை அளந்து காண்கின்றனர். இரண்டிடத்தும் கோட்பாடு ஒன்றே; சேரும் பொருள் வேறு.

4

இரண்டாவது இடம் பரிபாடல் திரட்டில் உள்ள வையைப் பாடல். மதுரை மக்கள் புதுப்புனலில் ஆடுகின்றனர். ஆடியோரின் கள்ளும் சாந்தும் தேனும் நீரிற் கலக்கின்றன. கள் கலந்தது என்று பார்ப்பார் நீராடுதலை ஒழிந்தனர். மைந்தரும் மகளிரும் பூசிய மணப்பொருள் கலந்தது என்று அந்தணர் ஆற்றில் தோயவில்லை. தேன் கலந்து வழுவழுப்பாயிற்று என்று ஐயர் வாய் பூசவில்லை. ஆறு மாசுற்றது என்னும் முறையீடு இத்துணைத் தெளிவாகத் தமிழில் வேறெங்கும் இவ்வளவு முற்காலத்தே கேட்கப்பெற்றதாகத் தெரியவில்லை.

இம் முறையீடு சொல்லப்பெறும் முறை கருதத்தக்கது. நீர் அழுக்கடைந்தது என்று புலவர் பொதுவாகக் கூறவில்லை. குளித்தல், தோய்தல், வாய் பூசுதல் என்று செயலைப் பிரித்து, அச் செயலுக்கு அந் நீர் ஆகாது என்கிறார். நீரின் தூய்மை அதன் பயனை வைத்தே அளக்கப்படும் என்பது இதன் உட்கோள். இந்தியாவின் நடுவண் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஆறுகளை வகுத்த முறையும் இதுவே. கிருமி நீக்கிய அளவிலே குடித்தற்குத் தக்கது, குளித்தற்குத் தக்கது, தூய்மை செய்தபின் குடித்தற்குத் தக்கது, மீன் முதலிய உயிர் வாழ்தற்குத் தக்கது, பாசனத்திற்குத் தக்கது என ஐவகையாக அது நீரைப் பகுத்துள்ளது. குளித்தற்குரிய நீரில், அழுக்கைச் சிதைக்க நுண்ணுயிர்கள் வாங்கிக்கொள்ளும் உயிர்வளியின் தேவை லிட்டருக்கு 3 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது. நீரிற் கரைந்து நிற்கும் உயிர்வளி 5 மில்லிகிராமுக்குக் குறையலாகாது. முன்னதை உயிர்வளித் தேவை என்று சுருங்கக் கூறுவாம். அஃது உயர உயர அழுக்கு மிகுதி என்று அறிக.

எனினும் வேறுபாடு ஒன்றுண்டு. வையையின் மாசு விழாவின் மாசு. ஆடியோர் கரையேறினால், அடுத்த நாளின் வெள்ளம் அதனைக் கொண்டு போகும். மேலும், ஒதுங்கியவர் யார் என்பதும் பாட்டிலேயே உள்ளது. ஒதுங்குதற்கு வேறு நீர் உடையோர் ஒதுங்கினர். வேறு நீர் இல்லாதோர் அந் நாளில் என் செய்தனர் என்பது பாட்டின் எல்லைக்கு அப்பாற்பட்டது.

5

மூன்றாவது இடமே இக் கட்டுரையின் மையம். நாலடியாரின் நல்லினம் சேர்தல் என்னும் அதிகாரத்தில், 175ஆம் வெண்பா, ஊரின் அங்கண நீர் வலிய பெருநீரைச் சேர்ந்தால் பெயரும் வேறாகித் தீர்த்தமாகும் என்கிறது. அதுபோலக் குலமாண்பு இல்லாதவரும் நல்லாரைச் சார்ந்தால் குன்றுபோல் உயர்ந்து நிற்பர் என்பது அதன் பொருள். பெருநீர் என்பதற்குக் கடல் என்று பொருள் கொள்ளினும், பேராறு என்று கொள்ளினும், பெருமை என்னும் கருத்து மாறாது. முதுகலை வகுப்பில் இவ் வெண்பா எடுத்துக்காட்டாகப் பலமுறை வருகிறது. சேலத்து மாணவர்க்கும் ஆத்தூர், தம்மம்பட்டி மாணவர்க்கும் இதனை எவ்வாறு விளக்குவது?

தொல்காப்பியர் வினை, பயன், மெய், உரு என்னும் நான்கும் உவமத் தோற்றத்தின் வகைகள் என்றார். நாலடியார் உவமை இவற்றுள் வினையும் பயனும் பற்றியது. சேர்தல் என்னும் வினையும், தூய்மையாதல் என்னும் பயனும் இருபுறமும் ஒத்து நிற்கின்றன. பயன் நிகழ்தற்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. சேரப்பெறுவது பெரிதாகவும், சேர்வது சிறிதாகவும் இருத்தல் வேண்டும். பெருநீரின் வலிமையைச் சொல்லும் அடைமொழி இக் கட்டுப்பாட்டையே உணர்த்துகிறது. அதனை வெறும் அணிநயமாகக் கொள்ளாமல் உவமையின் உயிராகக் கொள்ளல் வேண்டும்.

இவ் வுவமை இயற்கைக்கு மாறானதன்று. ஓடும் ஆற்றில் சிறிதளவு அழுக்கு விழுந்தால், நீரில் வாழும் நுண்ணுயிர்கள் கரைந்த உயிர்வளியைப் பயன்படுத்தி அதனைச் சிதைத்து விடுகின்றன. ஓட்டமும் காற்றும் இழந்த உயிர்வளியை ஆற்றுக்கு மீண்டும் தருகின்றன. சில கல் தொலைவு சென்றபின் நீர் பழைய நிலையை அடைகிறது. வெண்பாவின் ஆசிரியர் கண்டது இதனையே. அவர் காரணம் அறிந்திலர், காட்சி பிழையன்று.

கழிவு நீர்ச் சுத்திகரிப்பு நிலையம் என்பது இக் காட்சியைத் தொட்டிக்குள் அடக்கிய ஏற்பாடு. முதலில் கம்பிச் சல்லடை துணி, நெகிழி போன்றவற்றைத் தடுக்கிறது. அடுத்த தொட்டியில் மணல் படிகிறது. அதற்கடுத்ததில் வண்டல் படிகிறது. பின்னர் நீருக்குள் காற்றைச் செலுத்த, நுண்ணுயிர்கள் கரைந்த அழுக்கை உண்டு பெருகுகின்றன. பெருகிய நுண்ணுயிர்ச் சேற்றைப் படியவிட்டு, அதில் ஒரு பகுதியை மீண்டும் காற்றூட்டும் தொட்டிக்கே திருப்புகின்றனர். தெளிந்த நீரில் குளோரின் கலந்து வெளிவிடுகின்றனர். சேற்றைத் திருப்பும் இம் முறையை இங்கிலாந்தின் மான்செசுடரில் ஆர்டெர்ன், லாக்கெட்டு என்னும் இருவர் 1914இல் அறிவித்தனர். ஆறு பல கல் தொலைவிற் செய்யும் வேலையைத் தொட்டி சில மணி நேரத்திற் செய்து முடிக்கிறது. நகரத்தின் அங்கண நீர் பெருகி, ஆற்றின் வலிமை அதற்கு ஈடாகாத நிலை வந்தபின்னரே இவ் வேற்பாடு தேவையாயிற்று. ஆகவே சுத்திகரிப்பு நிலையம் நாலடியார் உவமையின் கட்டுப்பாடு முறிந்த இடத்தில் எழுந்த கட்டடம் எனலாம். நுண்ணுயிர் உண்ணாத உப்பையும் பல சாயங்களையும் அத் தொட்டி நீக்குவதில்லை என்பதும் உடன் கருதத்தக்கது.

6

இனி நம் நிலைக்களத்திற்கு வருவாம். திருமணிமுத்தாறு மழைக்காலத்தில் மட்டும் மலைநீர் பெறும் ஆறு. அதன் கரையிலேயே சுகவனேசுவரர் கோயில் அமைந்துள்ளது. நீராடற்குரிய ஆறாகவே முன்னோர் அதனைக் கருதினர். சேலம் நகரம் பெருகியபோது வீட்டுக் கழிவு நீரும் சாயப் பட்டறைகளின் நீரும் அதில் வந்து சேர்ந்தன. வறண்ட மாதங்களில் ஆற்றில் ஓடுவது பெரும்பாலும் நகரம் விட்ட நீரே. பாதாளச் சாக்கடையும் சுத்திகரிப்பு நிலையங்களும் இந் நூற்றாண்டில்தான் நகரில் இடம்பெறத் தொடங்கின.

2018இல் நடுவண் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நாடெங்கும் 351 மாசுற்ற ஆற்றுப் பகுதிகளைப் பட்டியலிட்டது. தமிழ்நாட்டில் அவை ஆறு. அவற்றுள் திருமணிமுத்தாறு, சரபங்கா, வசிட்ட நதி ஆகிய மூன்றும் சேலம் மாவட்டத்தைச் சார்ந்தவை. மூன்றும் முதல் வரிசையில் வைக்கப்பெற்றன. முதல் வரிசைக்குக் கொண்ட அளவுகோல்களுள் தலையாயது, உயிர்வளித் தேவை லிட்டருக்கு 30 மில்லிகிராமுக்கு மேற்படுதல். இவ் வெண் எங்கிருந்து வந்தது என்பதை நோக்குதல் வேண்டும். பெருநகரல்லாத ஊர்களின் சுத்திகரிப்பு நிலையம் வெளிவிடும் நீருக்கு 2017இல் விதிக்கப்பெற்ற மேல்வரம்பும் அதே 30. இதனினும் கடுமையான வரம்பு வேண்டும் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2019இல் கூறியது.

இவ் விரண்டு எண்களையும் அருகருகே வைத்துப் பார்த்தால் ஓர் உண்மை புலனாகும். விதிப்படி தூய்மை செய்யப்பெற்ற சாக்கடை நீரினும், அது சென்று சேரும் ஆற்றின் நீர் மிகுதியாக அழுக்குற்றிருத்தல் கூடும். அவ்வாறாயின், நிலையத்தினின்று வெளிவந்த நீர் ஆற்றைச் சேர்ந்ததும் தன் தூய்மையை இழக்கும். அங்கண நீர் ஆற்றைச் சேர்ந்து தீர்த்தமாதல் போய், தீர்த்தத்தை நோக்கிப் பாதி வழி வந்த அங்கண நீர் ஆற்றைச் சேர்ந்து மீண்டும் அங்கண நீராகிறது. நாலடியாரின் உவமை தலைகீழாயிற்று.

வசிட்ட நதியின் நிலை இக் கருத்தை மேலும் விளக்கும். ஆத்தூர்ப் பகுதி மரவள்ளிக் கிழங்கு விளையும் நிலம். கிழங்கை அரைத்து மாவு எடுத்துச் சவ்வரிசி செய்யும் ஆலைகள் சேலம் மாவட்டத்தில் மிகுதி. சவ்வரிசி விற்பனைக்கெனச் சேகோசர்வ் என்னும் கூட்டுறவுச் சங்கம் 1981இல் சேலத்தில் தோன்றியது. கிழங்கு கழுவிய நீரும் மாவு வடித்த நீரும் சருக்கரைப் பொருளும் மாவுப் பொருளும் செறிந்தவை. அவை தூய்மை செய்யப்பெறாமல் ஓடையிற் சேர்ந்தால் புளித்து நாறும்; ஆற்றின் உயிர்வளியை விரைவில் வாங்கிவிடும். வீட்டிற் கழுநீர் மாட்டுக்கு உணவாயிற்று. அதே கழுநீர் ஆலையளவிற் பெருகியபோது ஆற்றுக்கு நோயாயிற்று. பொருள் ஒன்றே, அளவு வேறு. நாலடியார் உவமையும் அளவைப் பற்றியதே என்று மேலே கண்டோம்.

தம்மம்பட்டி வழியாக வரும் சுவேத நதி அப் பட்டியலில் தனித்து இடம்பெறவில்லை. அஃது இறுதியில் வசிட்ட நதியோடு கூடியே வெள்ளாறாகிறது. இக் கூட்டத்தில் யார் யாரை மாற்றுவர்? இவ் வினாவிற்கு நாலடியாரினும் திருக்குறள் பொருத்தமான விடை தருகிறது. சிற்றினம் சேராமை அதிகாரத்தில் வள்ளுவர், நீர் தான் சேர்ந்த நிலத்தின் இயல்பால் திரியும் என்பதை உவமையாகக் கொண்டார். இவ் வுவமைக்குப் பெருமை சிறுமை என்னும் கட்டுப்பாடு இல்லை. எந் நீரும், எக் காலத்தும், தான் சேர்ந்ததன் இயல்பைப் பெறும். சேலம், நாமக்கல் சமவெளியில் இன்றும் அழியாது நிற்பது இவ் வுவமையே. ஒரே உண்மையின் இரு பக்கங்களை இரு நூல்களும் கூறின; ஒன்று கட்டுப்பாட்டுடன் கூறியது, மற்றொன்று கட்டுப்பாடின்றிக் கூறியது. முன்னது காலத்தால் தளர்ந்தது; பின்னது தளரவில்லை.

7

இங்கு ஒரு மறுப்பு எழலாம். அறநூலின் உவமையை வேதியியல் அளவைகொண்டு நிறுப்பது முறையா என்பர். வெண்பா மனிதரின் சேர்க்கையைக் கூற வந்தது; நீரைக் கூற வரவில்லை என்பர். இம் மறுப்பு ஓரளவு ஏற்கத்தக்கது. ஆயினும் கேட்போன் அறிந்த பொருளைக்கொண்டு அறியாத பொருளை விளக்குவதே உவமையின் தொழில். அறிந்த பொருள் மாறிவிட்டால் விளக்கம் நிகழாது. ஆற்றங்கரையில் வளர்ந்த மாணவன், அங்கண நீர் தீர்த்தமாகும் என்று கேட்டவுடன் தன் ஊர் ஆற்றை நினைப்பான். நினைத்து, நூல் பொய் என்றோ, ஆசிரியர் ஆற்றைப் பார்த்ததில்லை என்றோ முடிவு செய்வான். இரண்டும் நூலுக்கு இழப்பு. உவமையின் கட்டுப்பாட்டை எடுத்துச் சொன்னால் அவ் விழப்பு நேராது.

இன்னொரு செய்தி இதனினும் முதன்மையானது. அவ் வெண்பாவில் அங்கண நீருக்கு இணையாக வைக்கப்பெற்றவர் குலமாண்பு இல்லாதவர் எனப்பட்டோர். அவர் உயரலாம் என்று கூறியது அக் காலத்தில் பரந்த உள்ளத்தின் கூற்றே. அதனை மறுத்தல் நன்றியின்மை. எனினும் பிறப்பை அங்கண நீரோடு இணைத்த அக் கருத்து நூலோடு நின்றுவிடவில்லை. சமுதாயம் சில குலத்தாரை அங்கணத்திற்கே உரியவராக்கியது. நகரங்களின் கழிவைக் கையால் அள்ளவும், சாக்கடைக் குழிக்குள் இறங்கவும் அவர்களே ஏவப்பெற்றனர். கையால் மலம் அள்ளும் பணியைத் தடுக்க 1993இல் ஒரு சட்டமும், 2013இல் விரிவான மற்றொரு சட்டமும் இயற்றப்பெற்றன. சாக்கடையில் உயிரிழந்தோர் குடும்பத்திற்கு 10 இலட்சம் ரூபாய் வழங்குமாறு உச்ச நீதிமன்றம் 2014இல் ஆணையிட்டது. 2023இல் அத் தொகையை 30 இலட்சமாக உயர்த்தியது. தொகையை உயர்த்த வேண்டிய நிலை வந்தது என்பதே சாவு நிற்கவில்லை என்பதற்குச் சான்று. நீர் ஆற்றைச் சேர்ந்து தீர்த்தமாகலாம் என்று ஏற்றுக்கொண்ட உலகம், அந் நீரைச் சுமந்தவனைத் தன்னோடு சேர்த்துக்கொள்ளவில்லை. இவ் வெண்பாவைப் பாடம் சொல்லும்போது இதனைச் சொல்லாது விடுதல் திறனாய்வு ஆகாது.

8

இக்கால இலக்கியம் இவ் விடத்தில் என் செய்தது என்பதையும் சுருங்கக் காண்டல் வேண்டும். தொல்காப்பிய உரையாசிரியர் நீரையும் கருப்பொருள்களுள் அடக்குவர். மருதத்திற்கு ஆறும் பொய்கையும் உரியன. அவ் வாறு சாயம் ஓடும் வழியானால் மருதத்தின் வாழ்வு யாதாகும் என்னும் வினாவைப் புதினம் எடுத்துக்கொண்டது. சுப்ரபாரதிமணியனின் ‘சாயத்திரை’ திருப்பூரின் சாயக் கழிவையும் நொய்யலையும் பொருளாகக் கொண்டது. நொய்யலின் குறுக்கே பாசனத்திற்கென 1992இல் கட்டிமுடிக்கப்பெற்ற ஒரத்துப்பாளையம் அணை சாயக் கழிவின் தேக்கமாக மாறியதும், 2011இல் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப் பட்டறைகளை மூட ஆணையிட்டதும் வரலாறு. நாமக்கல் மாவட்டத்தவராகிய பெருமாள்முருகனின் ‘பீக்கதைகள்’, பேசுதற்கே கூசும் பொருளைச் சிறுகதையின் நடுவே வைத்தது. தகழியின் மலையாளப் புதினமாகிய ‘தோட்டியின் மகன்’ சுந்தர ராமசாமியின் மொழிபெயர்ப்பால் தமிழ்ப் படிப்பாளரை அடைந்தது.

மணிமேகலையின் பட்டியலில் விடுபட்ட மனைகள் இவை. விடுபட்டவற்றை நிரப்புதல் புதினத்தின் தொழிலாக அமைந்தது இயல்பே. புதினம் அரசனது நகரச் சிறப்பைக் கூறும் கடமை உடையதன்று. ஆயினும் இவற்றை நாம் சுற்றுச்சூழல் எழுத்து என்றும், விளிம்புநிலை எழுத்து என்றும் பிரித்து வைத்துப் பயில்கிறோம். பழைய இலக்கியத்தைத் தனியே வைத்துப் பயில்கிறோம். வஞ்சியின் அகழி முதல் நொய்யல் வரை ஒரே பொருளின் வரலாறு தொடர்ந்து வருகிறது என்பது இப் பிரிவினையால் மறைகிறது.

9

மேற்கூறியவற்றால் பெறப்படுவன இவை. நகரின் கழிவு நீரை மணிமேகலை மணமூட்டிக் காட்டியது. பரிபாடல் பயன்வழி நின்று விலக்கிக் காட்டியது. நாலடியார் பெருநீரில் அடக்கிக் காட்டியது. மூன்றும் கண்ட காட்சியின் அடியாகப் பிறந்தவை. மூன்றனுள் நாலடியாரின் காட்சிக்கு மட்டும் ஓர் அளவுக் கட்டுப்பாடு உண்டு. அக் கட்டுப்பாடு நம் சமவெளி ஆறுகளில் இன்று இல்லை.

நாலடியாருக்கு இனி வரும் கல்விப் பதிப்புகளில், 175ஆம் வெண்பாவின் உரையின்கீழ், பெருநீரின் வலிமை உவமைக்கு இன்றியமையாத கட்டுப்பாடு என்பதும், குலம் பற்றிய கூற்றின் பின்வரலாறும் குறிக்கப்பெறுதல் நலம். மணிமேகலையின் அகழிப் பகுதியைப் பயிற்றும்போது விடுபட்ட மனைகளை மாணவரையே பட்டியலிடச் செய்தல் நலம். சுவேத நதி, வசிட்ட நதி, திருமணிமுத்தாறு ஆகியவற்றின் கரைகளில் வழங்கும் வடிகாற் சொற்களையும் துறைப் பெயர்களையும் திரட்டுவது முதுகலை மாணவர் செய்யத்தக்க பணி. துறை அழிந்தபின் துறையின் பெயரைச் சொல்லும் முதியவரும் இல்லாமற் போவர். அதற்குள் அத் திரட்டு நிகழ்தல் வேண்டும்.

பெருநீர் வலிதாக இருந்தவரை உவமை மெய்யாக இருந்தது. ஆற்றுக்கு அவ் வலிமையை மீட்டுத் தருதல் பொறியாளர், ஆட்சியாளர் கடமை. அதுவரை உவமையை அதன் கட்டுப்பாட்டுடன் சேர்த்தே கற்பித்தல் தமிழாசிரியர் கடமை.